தப்பு எங்களதுதாங்க

என் வீட்டுக்காரருக்கு "இல்லை" என்று சொல்ல வராது. கல்யாணமான புதிதில் அதை அடக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். போகப் போகத்தான் தெரிந்தது, மனிதருக்கு அந்தச் சொல்லே நாக்கில் ஏறாது என்று. பேருந்தில் யாராவது இவர் காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். வாசலில் வந்து எதையாவது விற்பவர்களுக்கு எங்கள் வீட்டு எண் மனப்பாடம். நானோ பேருந்து நிலையத்தில் பாஸ் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். போட்டோ கொண்டு வராவிட்டால் பாஸ் இல்லை, பழைய பாஸைத் தொலைத்துவிட்டால் புதியது இல்லை, சாப்பாட்டு நேரத்தில் எதுவுமே இல்லை. வீட்டுக்கு வேண்டிய அத்தனை "இல்லை"யையும் நான் ஒருத்தியே சொல்லித் தீர்த்துவிடுவதால்தான் தன் தம்பிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று என் நாத்தனார் சொல்வாள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். குடிநீர் வாரியத்தில் புகார் வாங்கும் போன். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஜன்னலைத் திறந்தால் துருப்பிடித்த குழாய்கள் அடுக்கியிருக்கும் முற்றம். காதில் மாட்டும் கருவியின் பஞ்சு பிய்ந்து போய், என் பழைய தாவணித் துண்டைச் சுற்றி வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்துகொண்டு ஊர் திட்டுவதையெல்லாம் காதில் வாங்குவார். எடுத்த எடுப்பில், எதிர்முனையில் இருப்பவர் வாயைத் திறந்து முடிப்பதற்குள், "ஆமாங்க, தப்பு எங்களதுதாங்க, மன்னிக்கணும்" என்பார்.

"என்ன ஏதுன்னு கேக்காமயே எதுக்குங்க ஒத்துக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கோவமா வர்றவங்ககிட்ட முதல்ல வாதாடக் கூடாதும்மா. தப்பு நம்மளதுன்னு சொல்லிட்டா அவங்க கையில இருக்கிற கல்லைக் கீழ போட்டுருவாங்க. அப்புறம் குழாய் எங்க உடைஞ்சிருக்குன்னு நிதானமா சொல்வாங்க" என்றார்.

அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஊரே அவரைத் "தண்ணி சார்" என்று கூப்பிட்டது. இதை முதன்முதலில் கேட்ட என் சித்தப்பா பதறிப் போய், மாப்பிள்ளைக்கு எப்போதிலிருந்து இந்தப் பழக்கம் என்று என்னைத் தனியாக அழைத்து விசாரித்தார். குழாய் பழுது பார்க்கப் போகிறார்கள், நாளை தண்ணீர் வராது என்ற அறிவிப்பெல்லாம் இவர் குரலில்தான் பதிவாகி எல்லார் போனுக்கும் போகும். காய்கறிக் கடையில் வாய் திறந்து தக்காளி கேட்டாரென்றால், எங்கோ பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் வெடுக்கென்று திரும்பி, "சார், நீங்க தண்ணி சார்தானே?" என்பார். முகம் ஒருவருக்கும் தெரியாது. குரலைத் தெரியாதவர் ஊரில் கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. நாள் முழுக்க ஊருக்குப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயில்லாப் பூச்சியாக உட்கார்ந்திருப்பாரே, அது மட்டும்தான் எரிச்சல்.

தேர்தலுக்கு முந்தின நாள் மதியம், பாஸ் ஜன்னலில் கூட்டம் குறைந்த நேரத்தில் என் போன் அடித்தது. எடுத்தால் இவர் குரல். "வணக்கம், குடிநீர் வாரியத்திலிருந்து பேசுகிறேன். நமது வார்டின் வாக்குச்சாவடிப் பள்ளியில் பெரிய குழாய் உடைந்து தண்ணீர் புகுந்துவிட்டதால், நாளைய வாக்குப்பதிவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது..." என்று போயிற்று. நான் குறுக்கிட்டு, "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்றேன். அவர் பாட்டுக்குப் பேசினார். "என்னங்க, பால்!" என்று கத்தினேன். ஒரு செருமல், "சிரமத்துக்கு வருந்துகிறோம்", கட்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பதிவு செய்த அறிவிப்பு என்று தெரியாமலா? தெரிந்துதான் வந்தது. கட்டின பெண்டாட்டிக்கும் ஊருக்கும் ஒரே அறிவிப்பா என்ற கோபம்.

மாலையில் அவர் வெறுங்கையோடு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஓட்டு இல்லைன்னு ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுது. பால் வாங்கிட்டு வான்னா காதுல விழாதோ?"

"எந்த ஓட்டு?" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"நாளைக்கு ஓட்டு இல்ல, குழாய் உடைஞ்சிருக்குன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?"

"குழாய் எதுவும் உடையலையே. நான் போனும் பண்ணலையே."

ஒரு செருப்பு காலில், ஒன்று கையில். அப்படியே நின்றார். மெதுவாக நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல நிறைய போன் வந்துச்சும்மா. 'சார், நீங்க போன்ல சொன்னீங்களே, நாளைக்கு...'ன்னு ஆரம்பிப்பாங்க. நான் வழக்கம்போல, ஆமாங்க, தப்பு எங்களதுதாங்க, மன்னிக்கணும்னு சொல்வேன். சரி சார்னு வச்சிருவாங்க. ஒருத்தர்கூடத் திட்டல. ஊர் ஜனங்க இன்னைக்கு ரொம்பத் தன்மையா இருக்காங்களேன்னு சந்தோஷப்பட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன்னை மட்டும்தான் கெடுத்துக்கொள்ளும். இவரோ ஊர் சந்தேகப்பட்டுக் கேட்டபோது, ஆமாம் என்று கையெழுத்துப் போடாத குறையாக உறுதி செய்து அனுப்பியிருக்கிறார்.

அதற்குள் அவருடைய மேலதிகாரி போனில் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அன்று மூச்சு விடாமல் பேசினார். இரண்டு மாதத்துக்கு முன்பே வாரியத்தின் கணினிக்குள் யாரோ புகுந்து, புகார் போன்களின் பழைய பதிவுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். தண்ணீர் வரவில்லை என்ற புலம்பலைத் திருடி யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று இவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார்கள். திருடியது புலம்பலை இல்லை, என் வீட்டுக்காரர் குரலை. அதை ஓர் இயந்திரத்துக்குப் பழக்கி, அவர் சொல்லாததையெல்லாம் அவர் குரலிலேயே சொல்ல வைத்திருக்கிறார்கள். செய்தது வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்கள் என்று விசாரணைக்காரர்கள் சொன்னார்களாம். எங்கள் துறைமுகத்தை யார் நடத்துவது என்பதில் அவர்களுக்கு ஒரு கண்ணாம். அதற்குத் தோதான ஆள் ஜெயிக்க வேண்டும். எங்கள் வார்டின் கீழ்த்தெருக்கள் அந்த ஆளுக்கு ஓட்டுப் போடாது. ஆகவே கீழ்த்தெருக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் தேவலை. எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, "சிரமத்துக்கு" என்பதற்கு முன்னால் இவர் செருமுவதைக்கூட விடாமல் எடுத்திருக்கிறார்களே, பாவிகள். அந்தச் செருமலோடு குடும்பம் நடத்துகிறவள் நான். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

மத்தியானம் நடந்ததை இவர் ஒளிக்காமல் சொன்னார்; அதைக் கேட்டுவிட்டு மேலதிகாரி கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். "விசாரணைக்காரங்க இப்ப உங்க வீட்டுக்கு வருவாங்க, எங்கயும் போயிடாதீங்க. அப்புறம், மத்தியானம் போன்ல ஆமான்னு சொன்னீங்களே, அதை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். எல்லாமே போலின்னு சொல்லிருங்க. அதுவும் நான் இல்லைன்னு சொல்லுங்க. பதிவு இருந்தாலும், குரலே போலிங்கும்போது யாரால நிரூபிக்க முடியும்? உங்க வேலையும் தப்பிக்கும், வாரியத்தோட மானமும் தப்பிக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனைதான். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. வேலை போனால் இந்த வயதில் இவரை யார் எடுப்பார்கள்? ஓர் "இல்லை", ஒரே ஓர் "இல்லை" சொன்னால் போதும்.

விசாரணைக்காரர்கள் வந்து, அறிவிப்பைப் பற்றியே திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு, மத்தியானப் போன்களைப் பற்றிக் கேட்காமலே போனபோது ஊர் அடங்கிவிட்டது. தேர்தல் அலுவலகம் டிவியில் மறுப்பு வெளியிட்டது; திரையின் அடியில் ஒரு வரி ஓடிற்று. விடியலில் வேலைக்குப் போகிற ஜனம் அதைப் பார்த்துக்கொண்டா இருக்கும்? தண்ணீர் வரும் என்று இவர் சொன்னால் குடத்தை எடுத்து வைக்கிறவர்கள் அவர்கள். டிவி சொல்வதையா கேட்பார்கள்?

விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "நேர்ல போய்ச் சொல்றேன். போன்ல சொன்னா அதையும் போலிம்பாங்க."

தனியாக விட முடியுமா? நானும் போனேன். இறக்கம் முழுக்க அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே நடந்தேன். "அறிவிப்பு நான் இல்லைன்னு சொல்லுங்க. பேசினதும் நான் இல்லைன்னு சொல்லுங்க. புரியுதா?"

"ஆமாம்மா" என்றார். அந்த ஆமாமை நம்பின என் புத்தியை என்னவென்று சொல்வது?

கீழ்த்தெருக்கள் படிக்கட்டுகளாக இறங்கும். ஒவ்வொரு வாசலிலும் எங்கள் வாரியத்தின் மீட்டர், அதன் மேல் ஒரு பூந்தொட்டியோ துவைத்த துணியோ. ஓட்டு நாளுக்கான அறிகுறியே இல்லை. படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு சலவைக் கடை. அந்த அம்மாவைப் பற்றி இவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாரம் தவறாமல் போன் செய்து, கலங்கல் தண்ணீரில் வெள்ளைத் துணியை எப்படித் துவைப்பது என்று இவரைக் கிழிகிழியென்று கிழிக்கிறவர். அவர் கடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு இவர் ஆரம்பித்தார்.

"வணக்கங்க. குடிநீர் வாரியத்துலேர்ந்து வர்றேன். இன்னைக்கு ஓட்டு இருக்குங்க. நேத்து வந்த அறிவிப்பு பொய். அது நான் இல்லைங்க."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் அத்தனை தெளிவாக வந்து நான் கேட்டதில்லை. எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. ஆனால் தெரு கை தட்டவில்லை. சுற்றி வந்து நின்றவர்களில் ஒரு லாரி டிரைவர், "நேத்து போன்ல சொன்னதும் இதே குரல்தான். இன்னைக்கு அது பொய்யின்னு சொல்றதும் இதே குரல்தான். இதுல நாங்க எதை நம்பறது?" என்றார்.

இவர் மறுபடி விளக்கினார். விளக்க விளக்க நிலைமை மோசமாயிற்று. அவர் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் நேற்றைய குரலுக்குச் சாட்சியாகிக்கொண்டிருந்தது. "ஓட்டு இருக்குன்னு கூட்டிட்டுப் போய் என்ன பண்ணப் போறாங்களோ" என்று யாரோ முணுமுணுத்தார்கள். இரண்டு மூன்று பேர் வீட்டுக்குள் போகத் திரும்பிவிட்டார்கள்.

சலவைக் கடை அம்மா கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தார். "இரு இரு. அறிவிப்பு நீ இல்ல, சரி. எங்க வீட்டுலேர்ந்து நேத்து உன் ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டோமே. ஆமாங்கன்னு சொன்னது யாரு?"

நான் அவர் முதுகில் விரலால் குத்தினேன். சொல்லுங்கள், அதுவும் நான் இல்லை என்று சொல்லுங்கள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து என் பேச்சைத் தட்டாத மனிதர். "இல்லம்மா" என்றார் என்னிடம், ரொம்ப மெதுவாக. பிறகு அவர்களிடம் திரும்பினார்.

"அது நான்தாங்க. அறிவிப்பைத்தான் யாரோ செஞ்சாங்க. ஆனா நீங்க சந்தேகப்பட்டுக் கேட்டீங்க பாருங்க, அப்ப என்ன கேக்கறீங்கன்னே காதுல வாங்காம ஆமான்னு சொன்னது நான். அந்தத் தப்பு என்னோடது."

அவர் மன்னிப்புக் கேட்டு ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். அடுத்தவர் உடைத்த குழாய்க்கு, மழைக்கு, வெயிலுக்கு, கரண்ட் போனதற்கு. தான் செய்த தப்புக்கு அவர் தலை குனிந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. அத்தனை பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது.

அந்த அம்மா டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏமாத்த வந்தவனா இருந்தா ரெண்டுமே நான் இல்லைன்னு சொல்லிட்டுப் போயிருப்பான்யா" என்றார். "இவன் நம்ம ஆளுதான். இந்த அசட்டுத்தனத்தை எந்த மெஷினாலயும் செய்ய முடியாது."

அப்புறம் நடந்ததுதான் தேர்தல். அந்த அம்மா கடையை அப்படியே போட்டுவிட்டுக் கதவு கதவாகத் தட்டினார். இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் குரல் அங்கே யாருக்கும் தெரியாது என்பது நல்லதாகப் போயிற்று. நான் போட்ட அதட்டலில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட அடையாள அட்டையோடு வந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் பள்ளிக்கூடத்து வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. பள்ளி மைதானம் ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். சிலர் பல்லைக் கடித்தார்கள்.

வரிசையில் நிற்கும்போது மேலதிகாரி போன் செய்தார். விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. "இப்படிப் பண்ணிட்டீங்களே. நாளையிலேர்ந்து நீங்க போன்ல உக்கார வேண்டாம். நீரேற்று நிலையத்துக்குப் போயிருங்க. விசாரணை முடியட்டும், அப்புறம் வேலை இருக்கா இல்லையான்னு பார்ப்போம்" என்றார். இவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டார். நீரேற்று நிலையம் ஊருக்கு வெளியே, மோட்டார் இரைச்சலில் ஆள் பேசினால் காதில் விழாத இடம். ஊர் முழுக்கக் கேட்ட குரலைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறார்கள் என்று நான் அழுதேன். "நீ ஓட்டுப் போடு முதல்ல" என்றார்.

தெருவையெல்லாம் அனுப்பி முடித்த பிறகு, மதியத்துக்கு மேல்தான் சலவைக் கடை அம்மா அவரிடம் வந்து சொன்னார். அந்த அம்மாவின் மகள் இருட்டோடு கிளம்பும் கம்பெனிப் பஸ்ஸில் போய்விட்டாள். ஊருக்கு அப்பால் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை. ஓட்டு இல்லையென்றால் லீவு எதற்கு என்று போயிருக்கிறாள். இது அவளுக்கு முதல் ஓட்டு. வேலைக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். இவர் கம்பெனிக்குப் போன் செய்யப் போனவர், நம்பரை அழுத்திவிட்டு என்னிடம் நீட்டினார். "நீ பேசு. என் குரல் வேண்டாம்." நான் பேசினேன். கம்பெனி வாசல் ஆபீசில் ஒருவன் முடியாது என்றான்; முடியாது என்று சொல்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாதா? கடைசியில் அவளை அனுப்புவதாக ஒத்துக்கொண்டார்கள். பஸ்தான் கிடைக்க வேண்டும்.

இவர் பள்ளி வாசலிலேயே நின்றார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. வரிசை குறைந்தது. நிழல் நீண்டது. பிறகு போலீஸ்காரர் வந்து இரும்புக் கதவின் ஒரு பாதியைச் சாத்தினார், அப்புறம் மறு பாதியையும்.

அந்தப் பெண் ஓடி வந்தபோது தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. தலையில் வேலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. போலீஸ்காரர் நேரம் முடிந்துவிட்டது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டும் என் வீட்டுக்காரர் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரோடு சண்டை போட்டார். "முடியாதுங்க, நான் ஒத்துக்க மாட்டேன், அவ தப்பு இல்லைங்க இது, திறந்துவிடுங்க" என்று குரல் உடையக் கத்தினார். போலீஸ்காரருக்கும் சங்கடம்தான். சட்டம் சட்டம்தானே, கதவு திறக்கவில்லை.

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். முகம் தெரியாதவரின் குரலை அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

"நேத்து எங்க வீட்டுலேர்ந்து போன் பண்ணது நான்தான் சார்" என்றாள். "அம்மா அந்த அறிவிப்பை நம்பல. நீங்க ஆமான்னு சொன்னீங்கன்னு நான்தான் அம்மாவை நம்ப வச்சேன்."

அவர் வாயைத் திறந்தார். வாழ்நாளெல்லாம் தயாராக வைத்திருந்த அந்த மன்னிப்பு அப்போது வரவில்லை. நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனி அஞ்சு வருஷம் ஆகும்ல?" என்றாள்.

"ஆகும்மா" என்றார் அவர். "அன்னைக்கு நான் வர்றேன். போன்ல இல்ல. நீ பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே உங்க வாசல்ல வந்து நிக்கிறேன்."